மூன்று விமான நிலையங்களுக்கு நடுவே காரைக்கால்: ஓடுபாதையும் வான்சேவைத் தொடர்ச்சியும் (1938–2025)

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு நிலக்கூறுகளுள் ஒன்றான காரைக்கால், மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களாலும் கிழக்கே வங்கக் கடலாலும் சூழப்பட்டது. இங்குப் புதிய விமான நிலையம் அமைக்க இந்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்திருந்தும் ஓடுபாதை உருவாகவில்லை. காரைக்காலிலிருந்து வான்வழித் தொலைவில் ஏறத்தாழச் சம தூரத்தில் புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி, யாழ்ப்பாணத்துப் பலாலி ஆகிய மூன்று விமான நிலையங்கள் உள்ளன. இவற்றுள் சிறிய நிலையங்களான புதுச்சேரி, பலாலி ஆகியவற்றின் சேவை வரலாற்றை ஒப்பிட்டு, சிறு நிலையமொன்றின் பயனை ஓடுபாதையின் இருப்பைக் கொண்டு அளவிடுவதைவிடச் சேவைத் தொடர்ச்சியைக் கொண்டு அளவிடுவதே பொருந்தும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், புதுச்சேரி விமான நிலையம், பலாலி, உடான் திட்டம், வாயுதூத், காவிரிக் கடைமடை.

1. முன்னுரை

தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. ஆட்சி மாறினும் எல்லை மாறவில்லை. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரண்டு இலட்சம் மக்களும் கொண்ட இம்மாவட்டத்தின் தலைநகரம், தமிழ்நாட்டு நிலத்தைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

இப்புவியியல் நிலையே காரைக்காலுக்குத் தனி விமான நிலையம் வேண்டும் என்னும் கோரிக்கையின் அடிப்படை. திருநள்ளாற்றுச் சனீசுவரர் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணிப் பேராலயம் ஆகியவை அருகருகே அமைந்திருப்பதும், 2009இல் செயற்படத் தொடங்கிய தனியார் துறைமுகமும், எண்ணெய் எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைப் பணிகளும் கோரிக்கைக்குத் துணையாகச் சொல்லப்படுகின்றன. இவ்வாதங்கள் பயணத் தேவையைக் காட்டுகின்றன. ஆனால் தேவை இருக்குமிடத்தில் சேவை நிலைத்திருக்கும் என்பது உறுதியா? இவ்வினாவுக்கு விடை தேட, காரைக்காலைச் சுற்றியுள்ள நிலையங்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

அகலாங்கு, நெட்டாங்கு அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், காரைக்கால் நகரிலிருந்து நேர்கோட்டில் புதுச்சேரி விமான நிலையம் ஏறத்தாழ 116 கிலோமீட்டர், திருச்சிராப்பள்ளி 122 கிலோமீட்டர், பலாலி 128 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. முதலாவது தன் ஒன்றியப் பகுதிக்குரியது. இரண்டாவது அண்டை மாநிலத்தில் இருப்பது. மூன்றாவது அயல்நாட்டில் இருப்பது. தொலைவு ஏறத்தாழ ஒன்றே. அவற்றை அடைவதற்கான வழியும் விதியும் மட்டுமே வேறு.

2. இருப்புப்பாதை தந்த முன்னுதாரணம்

எல்லையால் சூழப்பட்ட சிறு நிலப்பகுதி, போக்குவரத்துக்கு வெளிநிலத்தைச் சார்ந்திருக்கும் சிக்கல் காரைக்காலுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் ஏற்றி அனுப்பப்பட்ட துறைகளுள் காரைக்காலும் ஒன்று. கடல்வழியே உலகோடு தொடர்பு கொண்டிருந்த அவ்வூர், நிலவழியே உள்நாட்டோடு தொடர்பு கொள்ள 1898 வரை காத்திருந்தது. அவ்வாண்டில் பேரளம்–காரைக்கால் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பாதையின் ஒரு முனை பிரெஞ்சு மண்ணில். மறுமுனை பிரித்தானிய மண்ணில். வண்டிகளை இயக்கியது தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி.

சுமார் 90 ஆண்டுகள் இயங்கிய அப்பாதையில் 1980களின் பிற்பகுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பின்னர்த் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. 2011இல் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தபின்னரே காரைக்கால் மீண்டும் தொடர்வண்டி வரைபடத்தில் இடம்பெற்றது. பேரளம் வழித்தடத்தைப் புதுப்பிக்கும் பணி அதன்பின் மேற்கொள்ளப்பட்டது. சேவை நின்றபோதும் பாதையின் நிலம் பொதுச்சொத்தாக நீடித்ததாலேயே புதுப்பிப்பு இயன்றது. போக்குவரத்து அமைப்பு ஒன்றில் கட்டுமானத்தின் ஆயுளும் சேவையின் ஆயுளும் வேறுவேறு என்பதற்கு இது காரைக்காலின் சொந்த அனுபவம் தரும் முதற்சான்று.

3. வான்வழிகளின் தொடக்கமும் காரைக்காலின் விடுபாடும்

தென்னிந்தியாவின் வான்வழி அஞ்சல், 1932 அக்டோபரில் தாதா நிறுவனம் கராச்சியிலிருந்து சென்னை வரை நடத்திய சேவையோடு தொடங்கியது. 1938இல் அச்சேவை திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. சென்னை, திருச்சி, கொழும்பு என்னும் அவ்வழி காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பைத் தொட்டுச் சென்றது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், பிரித்தானியப் பேரரசின் அஞ்சல் வழிக்குள் இடம்பெறக் காரணம் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் இப்பகுதியின் விமானத்தள வரைபடத்தை மாற்றியது. தஞ்சாவூரிலும் பலாலியிலும் படைத்துறைத் தேவைக்காக ஓடுபாதைகள் எழுந்தன. போருக்குப்பின் இவ்விரண்டின் வரலாறும் வெவ்வேறு திசையில் சென்றது. பலாலி விரைவிலேயே மக்கள் பயணத்துக்கு வந்தது: 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை, டக்கோட்டா விமானத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. இலங்கை விடுதலை பெறுவதற்கு முன்பே யாழ்ப்பாணமும் சென்னையும் வான்வழியே இணைந்துவிட்டன. தஞ்சாவூரில் பிற்காலத்தில் வாயுதூத் நிறுவனம் பயணியர் சேவை நடத்தியது. போதிய பயணியர் இன்மையால் அது நின்றது. இன்று அத்தளம் இந்திய வான்படைக்குரியது. 2013 மே மாதம் வான்படை நிலையமாகத் திறக்கப்பட்ட அதில், 2020 சனவரியில் சுகோய்-30 போர் விமானப் பிரிவு ஒன்று நிலைகொண்டது. காரைக்காலுக்கு மிக அருகிலுள்ள பெரிய ஓடுபாதை இதுவே; எனினும் பயணியர் விமானம் அங்கு வருவதில்லை.

4. புதுச்சேரி விமான நிலையம்: சேவையும் இடைவெளியும்

இலாசுப்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்தின் பயணியர் சேவை 1980களின் இறுதியில் வாயுதூத் வழியாகத் தொடங்கியது. 1981இல் ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்சு ஆகியவற்றின் கூட்டு நிறுவனமாக, முதலில் வடகிழக்கு மாநிலங்களை எண்ணி அமைக்கப்பட்ட வாயுதூத், பின்னர் நாட்டின் பல சிற்றூர்த் தளங்களுக்கும் விரிந்தது. தமிழகத்தில் நெய்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்கள் இவ்விரிவால் விமானத்தைக் கண்டன. பெரும்பாலும் 20 இருக்கைகளுக்கு உட்பட்ட டோர்னியர் விமானங்களை நம்பியிருந்த அந்நிறுவனம் தொடர் இழப்பில் சிக்கி, 1993இல் இந்தியன் ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டது. புதுச்சேரிச் சேவையும் 1990களின் தொடக்கத்திலேயே முடிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நிலையத்தில் தொடர் அட்டவணைச் சேவை இல்லை.

ஓடுபாதை 1,500 மீட்டராக நீட்டிக்கப்பட்டுப் புதிய முனையமும் கட்டப்பட்டபின், 2013 சனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குச் சேவை தொடங்கியது. அதன்பின் நிகழ்ந்த மாற்றங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதற்கட்டம்: 2013 சனவரி முதல் 2014 பிப்ரவரி வரை, ஸ்பைஸ்ஜெட், பெங்களூர்.
இரண்டாம் கட்டம்: 2015 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, அலையன்ஸ் ஏர், பெங்களூர்.
மூன்றாம் கட்டம்: 2017 ஆகஸ்டு முதல் 2020 மார்ச்சு வரை, உடான் திட்டத்தின்கீழ் ஸ்பைஸ்ஜெட், முதலில் ஐதராபாத், அடுத்த ஆண்டில் பெங்களூரும்.
நான்காம் கட்டம்: 2022 மார்ச்சு முதல் 2024 மார்ச்சு வரை, ஸ்பைஸ்ஜெட், ஐதராபாத், பெங்களூர்.
ஐந்தாம் கட்டம்: 2024 டிசம்பர் 20 முதல், இண்டிகோ, பெங்களூர், ஐதராபாத்.

2013 சனவரிக்கும் 2024 டிசம்பருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 143 மாதங்களில், சேவை நடந்த காலம் சுமார் 75 மாதங்கள். சேவையற்ற காலம் சுமார் 68 மாதங்கள். முனையம், ஓடுபாதை, பாதுகாப்பு ஏற்பாடு ஆகிய அனைத்தும் அமைந்தபின்னும் பாதிக்குச் சற்றே குறைவான காலம் அங்கிருந்து பயணியர் விமானம் புறப்படவில்லை என்பதே இக்கணக்கின் பொருள். கொரோனாத் தொற்றை முழுக் காரணமாகக் கொள்ள இயலாது. நாடெங்கும் உள்நாட்டு விமானப் பயணம் 2020 மே 25 அன்று மீண்டும் தொடங்கியது. புதுச்சேரிக்கு விமானம் திரும்பியது 2022 மார்ச்சில். இரண்டாண்டு இடைவெளியில் நாடு தழுவிய தடை இரண்டு மாதங்களே.

5. மானியமும் விமான வகையும் மாற்றங்களை விளக்கும் முறை

இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க மூன்று காரணிகளைக் கருதலாம்.

முதலாவது, ஓடுபாதையின் நீளம். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்கள் வணிகச் சேவைக்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஓடுபாதையை நாடுகின்றன. 1,500 மீட்டர் ஓடுபாதை, ஏறத்தாழ 50 முதல் 78 இருக்கைகள் கொண்ட சுழல்விசிறி விமானங்களுக்கே இடந்தருகிறது. இந்தியாவில் அவ்வகை விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் மிகச் சில. ஆகவே ஒரு நிறுவனம் விலகினால் அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று வருவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகின்றன. ஓடுபாதையை நீட்டிக்க எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டு நிலமும் தேவைப்படுகிறது. சிறு நிலப்பகுதியின் எல்லைச் சிக்கல் இங்கே விமானத்தின் வகையையே தீர்மானிக்கிறது.

இரண்டாவது, மானியத்தின் கால வரையறை. 2016ஆம் ஆண்டுத் தேசிய வான்போக்குவரத்துக் கொள்கையை ஒட்டி வந்த உடான் திட்டம், ஒரு மணிநேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்னும் கட்டண உச்சவரம்பை விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகளுக்கு விதித்தது. அதனால் ஏற்படும் பற்றாக்குறையை மூன்றாண்டுகளுக்கு ஈடுசெய்தது. புதுச்சேரியின் நீண்ட சேவைக் கட்டம் இத்திட்டக் காலத்தோடு ஒத்துச் செல்வதைக் காண்கிறோம். உடான் மானியமின்றித் தொடங்கிய முதலிரு கட்டங்களும் முறையே 13 மாதங்களும் 7 மாதங்களுமே நீடித்தன.

மூன்றாவது, போட்டி வழிகள். சென்னை விமான நிலையம் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைவழி மூன்று மணிநேரப் பயணத்தில் உள்ளது. அங்கிருந்து கிடைக்கும் விமானங்களின் எண்ணிக்கையும் கட்டணத் தேர்வும் சிறு நிலையத்தால் தர இயலாதவை. எனவே பயணியர் ஒரு பகுதியினர் சாலைவழி சென்னைக்கே சென்றனர். நிறுவனத்தின் சொந்த நிலையும் இதனோடு சேர்கிறது. 2024 மார்ச்சு நிறுத்தம், அச்சேவையை நடத்திய நிறுவனம் நாடளவில் நிதி நெருக்கடியில் இருந்த காலத்தோடு பொருந்துகிறது. ஒரே நிறுவனத்தை நம்பிய நிலையத்துக்கு அந்நிறுவனத்தின் நோய் தன் நோயாகிவிடுகிறது.

6. பலாலி: கடலுக்கு அப்பாலுள்ள ஒப்பீடு

பலாலியின் சேவை வரலாறு வேறு காரணங்களால் அறுபட்டது. ஏர் சிலோன் 1979இல் முடிவுற்றது. அதன்பின் உள்நாட்டுப் போர், பலாலியைப் படைத்தளமாக்கியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களையும் செம்மண் தோட்டங்களையும் விட்டு வெளியேறினர். தளத்தைச் சூழ்ந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. தரைவழி அடைபட்டிருந்த ஆண்டுகளில் கொழும்புக்கு வான்வழியே மக்கள் சென்றுவந்தனர். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலருகே வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்ற அது 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறந்தது. 2025 மார்ச்சு 30 முதல் திருச்சிராப்பள்ளிக்கும் சேவை வந்தது. புதுச்சேரிக்கு வரும் அதே ஏ.டி.ஆர். 72 வகை விமானமே இவ்வழிகளிலும் இயங்குகிறது.

ஒப்பீட்டில் இரு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, பலாலிக்கு மாற்று வழி அரிது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்புவோர் கொழும்பு வழியாகச் சென்றால் நாள் முழுதும் செலவாகும். ஆதலால் நேரடிச் சேவைக்கு உறுதியான தேவை இருக்கிறது, இரண்டாம் நிறுவனமும் வந்தது. புதுச்சேரிக்கு இத்தகைய தனிநிலை இல்லை. மற்றொன்று, பலாலியின் ஓடுபாதையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு உரிமையாளர் இருக்கின்றனர். விமானம் திரும்பியபின்னும் அவர்களில் பலருக்கு நிலம் திரும்பவில்லை. விமான நிலையத்தின் வெற்றியைப் பயணியர் எண்ணிக்கையால் மட்டும் கணக்கிட்டால் இவ்விழப்பு கணக்கில் வராது.

7. காரைக்கால் திட்டமும் கடைமடை நிலமும்

இந்திய அரசின் 2008ஆம் ஆண்டுப் புதிய விமான நிலையக் கொள்கையின்படி, செயற்பாட்டிலுள்ள மக்கள் விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் புதிய நிலையம் அமைப்பது இயல்பாக ஏற்கப்படுவதில்லை. அத்தகைய முன்மொழிவு வந்தால் பழைய நிலையத்துக்கு ஏற்படும் விளைவை ஆராய்ந்து அரசு தனித்தனியே முடிவெடுக்கும். மேலே கண்ட கணக்கின்படி காரைக்கால், திருச்சி நிலையத்துக்கும் புதுச்சேரி நிலையத்துக்கும் அவ்வரம்புக்குள்ளேயே அமைகிறது. இருந்தும், கொள்கையளவில் ஒப்புதல் பெற்ற 21 புதிய நிலையங்களின் பட்டியலில், தனியார் பங்களிப்புடன் அமைக்கத் திட்டமிடப்பட்ட காரைக்காலும் இடம்பெற்றது. அதே பட்டியலில் இருந்த துர்காபூர், சீரடி, கண்ணூர் ஆகியன செயற்பாட்டுக்கு வந்துவிட்டன. சிக்கிமின் பாக்யோங் 2018இல் திறக்கப்பட்டு, ஓராண்டு நிறையுமுன்பே சேவை நின்ற அனுபவத்தைச் சந்தித்தது. காரைக்கால் ஒப்புதலோடு நின்றது.

இத்தேக்கத்தைப் புறக்கணிப்பாகவே காண்பது காரைக்காலின் பொதுவழக்கு. முப்பது தேர்தல் தொகுதிகளுள் ஐந்தை மட்டும் கொண்ட மாவட்டம் தலைநகரத்தின் கவனத்தைப் பெறவில்லை என்னும் மனக்குறைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. ஆயினும் நிலத்தின் பக்கமிருந்தும் இதனைப் பார்க்க வேண்டும். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு, திருமலைராசனாறு எனக் காவிரியின் கிளைகள் கடலில் கலக்கும் கடைமடை இது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீர், காரைக்கால் வயல்களுக்காகவே கோரப்பட்டது. எடுத்துக்காட்டாக 500 ஏக்கரில் நிலையம் ஒன்று அமைந்தால் அது ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். மாவட்டப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. பரப்பைவிட வடிகாலே பெரிய வினா. மேற்கிலிருந்து கிழக்காக நீர் வடியும் சமநிலத்தில் உயர்த்திக் கட்டப்படும் நீண்ட ஓடுபாதை ஒரு கரைபோல நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் மேலுள்ள வயல்களில் நீர் தேங்குவதைத் தடுக்க வாய்க்கால்களை மாற்றியமைக்க வேண்டும். சேவை நின்றுபோனால் பேரளம் பாதைபோல் மீண்டும் பயன்படும் எனச் சொல்லலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்நிலம் நெல்லையும் தராது, விமானத்தையும் தராது.

காரைக்கால் மக்களின் பயணத் திசையும் கருதத்தக்கது. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் இங்கு மிகுதி. அவர்களுக்கு வேண்டியது பன்னாட்டு விமானம். 2012இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் புதிய முனையம் பெற்ற திருச்சிராப்பள்ளி அத்தேவையை ஏற்கெனவே நிறைவேற்றுகிறது. பிரான்சுக்குச் செல்வோர்க்குச் சென்னையே வாயில். 78 இருக்கை விமானம் பெங்களூருக்குப் பறப்பதால் இவ்விரு சாராரின் பயணமும் பெரிதாக எளிதாவதில்லை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சிறு விமான நிலையங்களின் வரலாற்றைத் திறப்பு விழாக்களின் வரிசையாக எழுதுவது போதாது. சேவை நடந்த மாதங்களையும் நடவாத மாதங்களையும் கணக்கிடும்போது புதுச்சேரி நிலையத்தின் உண்மை வரலாறு வெளிப்படுகிறது.

2. ஓடுபாதையின் நீளம், மானியத்தின் காலம், மாற்று வழியின் அண்மை ஆகிய மூன்றுமே சேவைத் தொடர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. மாற்று வழி அரிதான பலாலியில் இரண்டாம் நிறுவனம் வந்ததும், அது எளிதான புதுச்சேரியில் ஒரு நிறுவனமே நிலைகொள்ளத் தடுமாறியதும் இதற்குச் சான்று.

3. காரைக்கால் புதுச்சேரியைவிடச் சிறிய பயணியர் பரப்பைக் கொண்டது. வரம்புத் தொலைவுக்குள் இரு இந்திய நிலையங்களும் உள்ளன. ஆகவே நிலம் எடுக்கும் முன்னரே பல ஆண்டுச் சேவை ஒப்பந்தமும் மானியத்துக்குப் பிந்தைய நிதி ஏற்பாடும் உறுதியாக வேண்டும். அவ்வுறுதி இல்லாதவரை, திருச்சி, புதுச்சேரி விமான நேரங்களோடு இணைந்த பேருந்து, தொடர்வண்டி வசதிகளே குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன.

1898இல் காரைக்கால் மக்கள் வேண்டியதும் இன்று அவர்கள் வேண்டுவதும் ஒன்றே: தம்மைச் சூழ்ந்த எல்லையைத் தடையின்றிக் கடக்கும் வழி. அவ்வழி வானில்தான் அமைய வேண்டும் என்பதில்லை. எங்கு அமைந்தாலும் இடையில் நின்றுவிடாமல் இருக்க வேண்டும். கடைமடை உழவரிடம் நிலம் கேட்கும் எந்தத் திட்டமும் முதலில் விடையளிக்க வேண்டிய வினா இதுவே.